வியாபாரம் நடக்காத கம்பெனிக்கும் வரி உண்டு

பெங்களூரு கோரமங்கலாவில் ஓர் அறையைப் பிடித்து, நான்கு ஊழியர்களோடு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குபவர் ஜிஎஸ்டியை மறப்பதில்லை. கவனத்திலிருந்து எளிதில் நழுவுவது மாநில அரசின் தொழில் வரி.

தமிழ்நாட்டில் இதை மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில வணிகவரித் துறை வாங்குகிறது. சென்னைப் பழக்கத்தோடு வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்ட ஒரு பதிவு. கம்பெனி தன் பெயரில் கட்ட இன்னொரு பதிவு. முதலாவதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மாதம் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கும் ஊழியரிடம் மாதம் 200 ரூபாய் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த மாற்றப்படி பிப்ரவரிக்கு மட்டும் 300. ஆக, ஆண்டுக்கு 2,500. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு அனுமதிக்கும் உச்சவரம்பும் அதுதான். பிடித்ததை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ரிட்டர்னோடு கட்ட வேண்டும். கம்பெனியின் சொந்தக் கணக்கு இன்னொரு 2,500. அதற்குக் கெடு ஏப்ரல் 30. நான்கு ஊழியர்களும் இந்த அளவு சம்பளம் வாங்கினால், கம்பெனியையும் சேர்த்து ஆண்டுக்கு 12,500 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் தாமதித்தால் மாதம் 1.25 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். சம்பளத்தில் பிடிக்க மறந்தாலும் கட்டவேண்டியது முதலாளிதான்.

லாபம் வந்ததா என்று இந்த வரி கேட்பதில்லை. உலகில் பல இடங்களில் இப்படித்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எல்எல்சி என்ற வகை நிறுவனம் வைத்திருப்பவர் வருமானமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 800 டாலர் கட்டுகிறார். டெலவேரில் ஜூன் 1-க்குள் 300 டாலர்.

மத்திய அரசின் கம்பெனிப் பதிவாளரிடம் போனால் கணக்கு கடுமையாகிறது. ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை என்று இரண்டு படிவங்கள். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டும் ஓராண்டு தாமதித்தால் 73,000 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-இல் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனங்களுக்கும் மே 30, அக்டோபர் 30 என இரண்டு கெடுக்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு இருந்த நாளுக்கு நூறு என்ற கட்டணத்தை 2022 ஏப்ரலில் அரசு வெகுவாகக் குறைத்தது. சிறு கம்பெனிகளுக்கும் அதே சலுகையைத் தருவதே நியாயம். வியாபாரமே நடக்காத ஒரு நிறுவனத்திடம் 73,000 கேட்பதால் எந்த ஒழுங்கும் வந்துவிடாது. அதைத் தொடங்கியவர் அடுத்த முயற்சியில் இறங்கத் தயங்குவார், அவ்வளவுதான்.

கடையை மூடுவதென்றால் அதையும் முறைப்படி செய்யவேண்டும். பெயரை நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய் கட்டணம். அதற்கு முன் நிலுவை ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி மறைந்தாலும் தொழில் வரிப் பதிவுகள் தானாக ரத்தாவதில்லை. வணிகவரித் துறையில் தனியாக விண்ணப்பித்து இரண்டையும் ரத்து செய்துகொள்ளுங்கள்.