நின்ற காரின் எஞ்சின் நடுங்குவது ஏன்?

சிக்னலில் நிற்கும் பெட்ரோல் காரின் எஞ்சின் ஐடிலிங்கில் குலுங்குவதும், ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் சாந்தமடைவதும் ஏன்?

ஐடிலிங்கின்போது த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்க, பிஸ்டன்கள் இடைவிடாது காற்றை உறிஞ்சுவதால், இன்டேக் மேனிஃபோல்டினுள் பாதரச அளவில் சுமார் 18 முதல் 22 அங்குலம் வரை வெற்றிடம் உண்டாகிறது. வெடிப்புற்ற ரப்பர் ஹோஸ் வழியாகவோ, நைந்த கேஸ்கட் வழியாகவோ, காற்றை அளக்கும் சென்சாரின் கணக்குக்கு உட்படாத காற்று அங்கே பிரவேசிக்குமானால், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதம் குலைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, சிற்சில சமயம் சிலிண்டரில் நெருப்புப் பற்றாமலே போகிறது. நடுக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம் அது. ஆக்ஸிலேட்டரை மிதித்துத் த்ராட்டில் திறந்ததும் உட்செல்லும் காற்றின் மொத்தம் பெருகுவதால், கசிந்து புகும் காற்று அற்பமாகிவிடுகிறது.

ஆகவே பரீட்சையை ஐடிலிங்கிலேயே தொடங்க வேண்டும். ஹோஸ்களின் அருகே ‘உஸ்’ என்ற ஓசை கேட்கிறதா என்று கவனித்து, வாக்குவம் கேஜில் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறதா என்று பார்த்து, பின்னர் எஞ்சினை நிறுத்தி மேனிஃபோல்டினுள் புகை செலுத்தினால், கசியும் இடத்தைப் புகையே காட்டிவிடும். சூடான எஞ்சின்மீது எரியக்கூடிய திரவத்தைத் தெளித்துச் சோதிப்பது அபாயகரமானது. கசிவே காணப்படாவிடில், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றை ஆராய்வதே அடுத்த கிரமம்.