நிரல் மொழிகளில் மாற்றும் வினையும் தரும் வினையும்

1. இருவகை வினை

நிரல் மொழிகளில் ஒரு பொருளின்மீது இயங்கும் வழிமுறைகளுள் இருவகை இங்கு நோக்கத்தக்கன. ஒருவகை அப்பொருளையே மாற்றும்; மற்றொன்று அதனைத் தொடாமல் புதியதொன்றை ஆக்கித் தரும். ஒரு வழிமுறை தந்த விளைவின்மீதே அடுத்ததனை இயக்கி எழுதுவது வழிமுறைத் தொடர் எனப்படும். தொடரின் இடையே மாற்றும் வினை நின்றால், மூலத் தரவின் பழைய நிலை அழிந்தமை வெளிப்படத் தெரியாது.

2. மூன்று மொழிகளின் வழக்கு

பைத்தான் இவ்விரண்டையும் சொல்வடிவத்தால் வேறுபடுத்துகிறது. 'சார்ட்' என்னும் ஏவல் வடிவம் பட்டியலையே வரிசைப்படுத்தி, வெறுமையைக் குறிக்கும் 'நன்' என்பதைத் தரும். ஆதலின் அதன்பின் தொடர் நீளாது. 2004இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பில் சேர்ந்த 'சார்ட்டட்' என்னும் எச்ச வடிவமோ புதிய பட்டியலைத் தரும். தொடராக எழுதினால், ஒவ்வொரு வழிமுறையையும் நன்கறிந்தவரே அதனைப் படித்துப் பொருள்கொள்ள இயலும் என்று இம்மொழியை ஆக்கிய கைடோ வான் ராசம் 2003இல் விளக்கினார்.

ரூபியில் 'சார்ட்' என்னும் அதே சொல் புதிய அணியைத் தரும். வியப்புக்குறி சேர்ந்த வடிவமே மூல அணியை மாற்றும். வியப்புக்குறியுடைய 'யூனிக்', நீக்குதற்கு இரட்டைகள் இல்லாதபோது வெறுமையைத் தருவதால் தொடர் அங்கே அறுபடும்.

ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' அணியை மாற்றி, மாறிய அதனையே தரும். விளைவுக்கு வேறு பெயரிட்டாலும் இரு பெயர்களும் ஓர் அணியையே சுட்டும். மூலத்தை மாற்றாத 'டூசார்ட்டட்' 2023ஆம் ஆண்டுச் செந்தரத்தில் இடம்பெற்றது.

3. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

ஒரே ஆங்கிலச் சொல் மொழிதோறும் வேறு பொருள் தருதலின், 'வரிசைப்படுத்தும்' என்னும் ஒரு சொல்லால் மூன்றனையும் பெயர்த்தல் பொருந்தாது. தமிழின் வினையெச்ச அமைப்பு இம்மயக்கத்தை மிகுவிக்கிறது. 'பட்டியலை வரிசைப்படுத்தித் தலைகீழாக்கி அச்சிடும்' என்னுமிடத்துச் செயப்படுபொருள் ஒருமுறையே வருகிறது. எச்சங்கள் மூலப் பட்டியலைப் பற்றினவா, புதிய பட்டியலைப் பற்றினவா என்பது விளங்கவில்லை. கையேட்டில் இவ்வாறு படித்தவர், மூலத்தின் பழைய வரிசையை இழந்த பின்னரே பிழையை உணர்வர்.

எனவே மாற்றும் வினையைப் 'பட்டியலையே வரிசைப்படுத்தும்' எனத் தேற்ற ஏகாரத்துடனும், தரும் வினையை 'வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் தரும்' எனப் பெயரெச்சத்துடனும் பெயர்க்கலாம். ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' போல்வனவற்றை 'அணியையே வரிசைப்படுத்தி, அவ்வணியையே தரும்' என இரு செயலும் தோன்ற எழுதுதல் வேண்டும். என்ன செய்கிறது என்பதோடு எதனைத் தருகிறது என்பதும் தெளிவாயின், மொழிபெயர்ப்பு மூலத்தினும் ஐயமற்றதாக அமையும்.