ரிசப்ஷன் வழியே போகும் யானைக் குடும்பம்... ஜாம்பியா சொகுசு விடுதியில் மாம்பழ சீசன்!

ஓர் இரவு தங்க ஒருவருக்கே பல நூறு டாலர் வாங்கும் சொகுசு விடுதி அது. ஆனால் நவம்பர் மாதம் வந்துவிட்டால், அங்கே முதல் மரியாதை யானைகளுக்குத்தான்!

ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், லுவாங்வா ஆற்றை ஒட்டி 9,050 சதுர கிலோமீட்டரில் விரிந்திருக்கிறது தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் ம்ஃபுவே லாட்ஜின் முற்றத்தில் ஒரு காட்டு மாமரம் நிற்கிறது. பெயர்தான் மாமரம், நம்மூர் மாமரம் வேறு. பழம் பழுக்கும் வாரங்களில் யானைக் கூட்டம் படியேறி, ரிசப்ஷன் மேஜையைக் கடந்து, மரத்தடிக்குப் போகிறது. வயிறு நிறைந்ததும் வந்த வழியே திரும்பிவிடும். குட்டிகளும் கூடவே வரும்.

பல ஆண்டுகள் இந்தக் கூட்டத்தை வழிநடத்தியது, 'வாங்கி டஸ்க்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட பெண் யானை. கோணல் தந்தம் என்று அர்த்தம். பெண் யானைக்குத் தந்தமா என்று கேட்காதீர்கள். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு!

அந்தத் தந்தமே அவற்றுக்கு எமனாகவும் ஆனது. 1970, 80-களில் வேட்டைக் கும்பல்கள் இந்தப் பள்ளத்தாக்கின் யானைகளைக் கொன்று குவித்தன. காண்டாமிருகங்கள் இங்கே அடியோடு அழிந்தே போயின.

நடந்தே காடு பார்க்கலாம்

துப்பாக்கி ஏந்திய வனக் காவலர் துணையுடன் காட்டுக்குள் நடந்து செல்லும் 'வாக்கிங் சஃபாரி' வளர்ந்ததும் இந்தப் பள்ளத்தாக்கில்தான். 1950-களில் அதைத் தொடங்கிய நார்மன் கார், சுற்றுலா வருமானத்தில் உள்ளூர் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்றவர். காடு சோறு போட்டால்தான் மக்கள் காட்டைக் காப்பார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு இன்றும் முக்கியம். விடுதியில் விருந்தாளியாக வரும் யானை, பூங்காவுக்கு வெளியே உள்ள மக்காச்சோள வயலில் இறங்கினால், ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாடு ஒரே இரவில் போய்விடும். அதைத் தடுக்க இங்குள்ள விவசாயிகள் கையில் எடுத்திருக்கும் ஆயுதம், மிளகாய் வேலி! அந்தக் காரநெடி யானைக்கு ஆகாது.

போக நினைப்பவர்களுக்கு...

தலைநகர் லுசாகாவிலிருந்து ம்ஃபுவேவுக்குச் சிறு விமானம் உண்டு. ஆற்றங்கரையில் விலங்குகளை நிறைய பார்க்க ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல நேரம். மாம்பழ விருந்தைப் பார்க்க நவம்பர். மலேரியா உள்ள பகுதி என்பதால், கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். விடுதிக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் அறையை விட்டு வெளியே வரக் கூடாது!