பதினான்காம் இரவின் ஒளியில்: நத்தம் வெளியும் பழஞ்சுவர்களும்

ஒளிப்படம் என்றதும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் செயலே நம் நினைவுக்கு வருகிறது. விசையை அழுத்துகிறோம், நொடியின் நூற்றில் ஒரு பங்கில் படம் பதிந்துவிடுகிறது. ஆனால் இக்கலை பிறந்தபோது இத்தகைய விரைவு அதற்கு வாய்க்கவில்லை. காத்திருத்தலே அதன் தொடக்கமாக இருந்தது. அந்தப் பழைய காத்திருத்தலை இன்றும் கைவிடாத துறை ஒன்று உண்டு. நிலவொளியையோ விண்மீன்களின் ஒளியையோ மட்டும் நம்பி, நிமிடக் கணக்கில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்து, நிலக்காட்சிகளையும் பழங்கட்டடங்களையும் பதிவு செய்யும் இரவு ஒளிப்படக்கலையே அது. அதன் இயல்பையும், திண்டுக்கல், நத்தம் வட்டாரத்தில் அது நமக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதையும் இங்கே நோக்குவோம்.

பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியியல் வரலாற்றின் பெருந்தூண்களுள் ஒருவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலால் பெரிதும் அறியப்பட்ட அவர், கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனியே ஓர் ஆய்வுரையும் எழுதினார். கிரகண வேளையில் சிறு துளை வழியே இருட்டறைக்குள் நுழையும் கதிரொளி, எதிர்ச்சுவரில் பிறை வடிவில் விழுவதை அதில் ஆராய்ந்தார். ஒளிப்படத்திற்கு வேண்டிய இருட்டறை அன்றே ஆய்வுப் பொருளாகிவிட்டது. சுவரில் விழுந்த உருவைப் பிடித்து நிறுத்தும் வழிதான் இல்லை.

அவ்வழி பிறக்க ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் ஆயின. பிரான்சு நாட்டின் நியெப்ஸ், 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்த படத்திற்குப் பல மணி நேர ஒளி தேவைப்பட்டது. 1838இல் டாகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படமெடுத்தபோது, பல நிமிடங்கள் திறந்திருந்த கேமராவில் ஓடும் வண்டிகளும் நடக்கும் மக்களும் பதியவேயில்லை. காலணிக்கு மெருகிடக் காலை நீட்டி அசையாது நின்ற ஒருவரே படத்தில் தங்கினார். நிற்பது பதியும், கடந்து செல்வது மறையும் என்பதே நெடுநேரப் பதிவின் அடிப்படை விதி. பழங்கட்டடங்களுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு இவ்விதியிலேயே அடங்கியுள்ளது.

நம் பகுதியிலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அன்று மகால் பெரிதும் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அது விரிவாகச் செப்பனிடப்பட்டது. செப்பனிடுவதற்கு முன் அக்கட்டடம் எவ்வாறு இருந்தது என்பதை இன்று நாம் காண முடிவது அப்படங்களால்தான். பழுதுபார்த்தல் கட்டடத்தைக் காக்கிறது. அதன் முந்தைய முகத்தையோ மூடிவிடுகிறது. எனவே பழுதுபார்ப்பதற்கு முன் எடுக்கப்படும் படம் வெறும் அழகுப் பொருளன்று. அது ஓர் ஆவணம்.

அந்த ஆவணத்தை இரவில் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நிலவொளி என்பது திரும்பி வரும் கதிரொளியே. முழுநிலவின் வெளிச்சம் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வொளியில் நம் கண்ணால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. கேமராவோ ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நிறங்களை மீட்டெடுக்கிறது. வானம் நீலமாகவும் புல் பச்சையாகவும் பதிய, அவற்றின் மேல் விண்மீன்களும் தோன்றும். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100இல், எஃப் 16 துளையில் நூறில் ஒரு நொடி போதுமெனில், முழுநிலவில் அதே அளவுகளுக்கு 4,000 நொடிகள் வேண்டும். துளையை எஃப் 4க்கு விரித்தால் பதினாறு மடங்கு ஒளி நுழையும். நேரம் ஏறத்தாழ நான்கு நிமிடங்களாகக் குறையும். அரைநிலவின் ஒளி முழுநிலவில் பாதி என்று எண்ணிவிடலாகாது. அது பத்தில் ஒரு பங்கே. அந்த நான்கு நிமிடம் நாற்பது நிமிடமாகிவிடும்.

இங்கே நம் பிறைக் கணக்கு கைகொடுக்கிறது. ஹிஜ்ரி மாதத்தின் நாள் மஃக்ரிபில் தொடங்குவதால், பிறை 14 என்பது பதினான்காம் பகலுக்கு முந்தைய இரவையும் உள்ளடக்கியது. அய்யாமுல் பீழ் என நாம் அறியும் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களின் இரவுகளே இக்கலைக்கு மிகவும் உகந்தவை. வெள்ளை நாட்கள் என்னும் அப்பெயரே இரவு முழுதும் நிறைந்திருக்கும் நிலவைக் குறித்து எழுந்தது. நிலவு நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுவதால், தேவையான கோணத்தில் அது நிற்கும் நேரத்தை முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம்.

கோணமே முதன்மையானது. நிலவு தாழ்ந்து நின்று சுவரை உரசினாற்போல் ஒளி வீசும்போதுதான் காரைப்பூச்சின் மேடுபள்ளங்கள் நிழலால் தெரியவரும். நத்தம் ஏறத்தாழ பத்து பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆதலால் மார்கழியின் முழுநிலவு நம் தலைக்குச் சற்று வடக்கே கடக்கிறது; ஆனியின் முழுநிலவு தெற்கே சாய்ந்து செல்கிறது. வடக்கு நோக்கிய சுவருக்கு மார்கழியும், தெற்கு நோக்கிய சுவருக்கு ஆனியும் பொருந்தும்.

விண்மீன்களின் தடமும் இவ்வாறே இடத்திற்கேற்ப மாறும். புவியின் சுழற்சியால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. நான்கு நிமிடத்தில் ஒரு பாகை, அதாவது நிலவின் அகலத்தைப் போல் இருமடங்கு. ஐரோப்பியப் படங்களில் துருவ மீன் உயரே நிற்க, அதைச் சுற்றி வட்டங்கள் நிறைந்திருக்கும். நத்தத்தில் அது அடிவானுக்குப் பத்து பாகை மேலேயே நிற்பதால், குன்றோ மரமோ மறைத்துவிடும். கிழக்கு நோக்கினால் விண்மீன்கள் ஏறத்தாழச் செங்குத்தாய் எழும் கோடுகளாகப் பதியும். நாம் ரோகிணி என்னும் மீனை, கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து எழுவதால் ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது, என்றனர் அரபியர். அப்பெயரின் பொருத்தம் அக்கோடுகளில் கண்கூடாகும்.

கரந்தமலை அடிவாரத்தில் ஒரு பதினான்காம் இரவு நாம் முக்காலியை ஊன்றிக் காத்திருந்தோம். காற்றில் புளியமரங்கள் புகைபோல் பதிந்தன. பாறைகள் மட்டும் கூர்மையாய் நின்றன. பிறகு அருகிலிருந்த பாழ்மண்டபச் சுவரை எடுத்தபோது, பகலில் ஒரே பரப்பாய்த் தோன்றிய பூச்சில் பழைய சுண்ணாம்புக் காரையும் பின்னாளில் ஒட்டிய சிமெண்டும் சந்திக்கும் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு கட்டடத்தின் வயதை அறிய இத்தகைய விளிம்புகளே முதற்சான்று.

இவ்வட்டாரத்தில் பதிவுக்குரியவை பல. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய திண்டுக்கல் மலைக்கோட்டை, 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராகப் பொறுப்பேற்றபின் அவருடைய எழுச்சிக்குத் தளமாயிற்று. அவர் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியுள்ள பள்ளிவாசல் வளாகத்தால்தான் பேகம்பூர் அப்பெயர் பெற்றது. அதே 1755இல் மதுரைச் சீமையிலிருந்து திரும்பிய கர்னல் ஹெரானின் படையைக் கள்ளர்கள் தாக்கியது நத்தம் கணவாயில்தான். கோட்டையில் இரவு நுழைவு இல்லையாதலால் அதைத் தொலைவிலிருந்தே எடுக்க வேண்டும். பள்ளிவாசல், அடக்கத்தலம் ஆகியவற்றில் பொறுப்பாளர்களின் இசைவு பெறுவதும், தொழுகை வேளையையும் அமைதியையும் பேணுவதும் கடமையாகும்.

காலம் நம்மிடம் அதிகமில்லை. மதுரை–நத்தம் நான்குவழிச் சாலை 2023இல் திறக்கப்பட்டது. சாலை வேண்டியதே, ஆனால் அதனோடு வரும் விளக்கொளி இருளைக் குறைத்துவிடும். மங்கிய விண்மீன்கள் முதலில் மறையும். வண்ண விளக்குகள் பூட்டிய கட்டடத்தில் நிலவொளி தோற்றுப்போகும். காரை பெயர்ந்த சுவர்கள் பளிங்குப் பலகைகளால் மூடப்படுகின்றன. மூடியபின் எந்தக் கேமராவாலும் அவற்றைக் காண இயலாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலோ சத்திரமோ மண்டபமோ திருப்பணிக்குக் காத்திருக்கிறதெனில், அதற்கு முந்தைய பதினான்காம் இரவில் ஒரு முக்காலியோடு செல்லுங்கள். படத்தின் பின்புறம் ஹிஜ்ரி, ஆங்கில நாட்கள் இரண்டையும், சுவர் நோக்கிய திசையையும், திறந்திருந்த நிமிடங்களையும் குறித்து, ஒரு பிரதியை ஜமாஅத்திலோ ஊர் நூலகத்திலோ சேர்த்துவையுங்கள். இப்னுல் ஹைதமின் சுவரில் விழுந்த பிறை, கிரகணம் நீங்கியதும் மறைந்துபோயிற்று. நம் காலத்தில் அவ்வாறு மறைய விடவேண்டிய தேவை இல்லை.