மூச்சைச் சேமிக்கும் சுறா

காலில்லாத மீன் நடக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்கும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுகளில் வாழும் எபாலட் சுறா, துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி, பல்லிபோல் உடலை வளைத்து நடக்கிறது. வளர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். முன்துடுப்புக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை விளிம்பிட்ட கரும்புள்ளி. ராணுவ அதிகாரியின் தோள்பட்டைச் சின்னம்போல் இருப்பதால் அந்தப் பெயர். புழு, நண்டு, இறால் தின்னும் சாது.

நடையைவிட வியப்பானது அதன் மூச்சு.

இத்திட்டுகளில் ஒன்றான ஹெரான் தீவில் தண்ணீர் வற்றும் இரவுகளில் பவளத்திட்டு கடலோடு தொடர்பறுந்த குட்டையாகிவிடும். பகலில் ஆக்சிஜன் தந்த பாசிகளே இருட்டியதும் பவளங்களோடும் மீன்களோடும் சேர்ந்து அதை உறிஞ்சத் தொடங்கும். நம் பனையேறிக் கெண்டைக்குக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. இந்தச் சுறாவுக்கு அது இல்லை, சிக்கனம்தான் வழி. மின்சாரம் போன இரவில் ஃபிரிட்ஜையும் ஏசியையும் விட்டுவிட்டு, இன்வெர்ட்டரில் ஒரு விளக்கையும் விசிறியையும் மட்டும் ஓட்டுவோமே, அதே கணக்கு. இதயம் மெதுவாகத் துடிக்கும்; ரத்த அழுத்தம் பாதியாகும்; மூளையின் ரத்தக் குழாய்கள் மட்டும் விரிந்து அங்கே ஓட்டம் குறையாமல் காக்கும். கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் கில்லியன் ரென்ஷா குழுவினரின் சோதனைகளில், ஆக்சிஜன் வழக்கமான அளவில் 5 சதவீதமாக இறங்கிய நீரிலும் இச்சுறா மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. ஒருமுறை திணறிப் பழகியது அடுத்த முறை இன்னும் நன்றாகத் தாங்குகிறது.

இவ்வளவு தாங்கும் உயிரையும் நாம் விட்டுவைக்கவில்லை. கடல் சூடாகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் இதன் முட்டைகளை 27, 29, 31 டிகிரி நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். 27 டிகிரியில் சுமார் 125 நாள் முட்டைக்குள் வளர்ந்த குட்டி, 31 டிகிரியில் 100 நாளிலேயே வெளியே வந்தது. குறைமாதக் குழந்தைபோல் சிறுத்து, சீக்கிரம் களைத்துப்போயிற்று. தாய்ச்சுறா முட்டையிட்டதோடு சரி, காவல் இருப்பதில்லை. அந்தக் குட்டி தனியாகத்தான் இரை தேட வேண்டும்.

இதே குடும்பத்து மூங்கில் சுறாக்கள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இறாலுக்கு இழுக்கும் வலையில் அவையும் மாட்டுகின்றன. கடலுக்குப் போகும் வாசகர்களே, வலையில் உயிரோடு கிடந்தால் அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.