பாம் மரத்தின் அடியில் ஒரு காளான்

காலை நிகழ்ச்சியை முடித்து, நிலையத்திலிருந்து நான் வீடு திரும்ப எப்படியும் பதினொரு மணி தாண்டிவிடும். அன்று கேட்டைத் திறக்கும்போதே அம்மா சொன்னார்: "அப்பா நட்ட மரத்துக்கு அடியில என்னமோ காளான் பூத்திருக்கு. வந்து பாரு."

எங்கள் வாசலில் நிற்பது ராயல் பாம். தோட்டத்தை விட்டு இந்தத் தாமானுக்குக் குடிவந்த ஆண்டில் அப்பா நட்டது. முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர், சொந்த வீட்டு வாசலிலும் ஒரு பனை இனத்தைத்தான் நட்டார். "இதுல குலை வெட்ட வேண்டியதில்ல. சும்மா நின்னு பார்த்தா போதும்" என்பார். அவர் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மரம் இரண்டு மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டோடு ஒட்டியபடி அரைவட்டமாக இருந்தது. மேலே மெருகு போட்டதுபோல் செம்பழுப்பு. ஓரமும் அடிப்பக்கமும் வெள்ளை. கையால் அசைத்தால் கட்டை மாதிரி இருந்தது.

மறுநாள் புல் வெட்டி, மரம் கழிக்கும் ஒருவரை வரவழைத்தேன். காளானைச் சுரண்டி, உள்ளே தோண்டிச் சுத்தம் செய்து, சிமெண்ட் வைத்து அடைத்து, மருந்தும் அடித்தால் சரியாகிவிடும் என்றார். 350 வெள்ளி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, அன்று மாலையே அப்பாவின் தோட்டத்து நண்பர் ஒருவர் அம்மாவைப் பார்க்க வந்தார். தண்டலாக இருந்தவர். எனக்கு மாமா முறை. காளானைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சுத்தியலின் கட்டைப் பிடியால் மரத்தைத் தட்டினார். நெஞ்சு உயரத்தில் தட்டியபோது 'டொக் டொக்' என்று கெட்டியான சத்தம். முழங்காலுக்குக் கீழே தட்டியபோது 'பொத் பொத்'. காதை வைத்துப் பிழைப்பவள் நான். அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி, இது கானோடெர்மா. தோட்டத்துல இது வந்த மரத்தை நாங்க காப்பாத்துனதே இல்ல" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பனைக்குப் பட்டை கிடையாது

அதற்கடுத்த ஒரு வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மர நிபுணர் ஒருவரையும் அழைத்து வந்து காட்டினேன். மாமா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால், ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மாமரத்தில் வெட்டுப்பட்டால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் படலம் புதுத் திசுவை உண்டாக்கி, காயத்தை மெல்ல மூடிவிடும். பனை இனங்களுக்கு அந்தப் படலமே இல்லை. தென்னை, கமுகு, செம்பனை, ராயல் பாம் எல்லாமே மரம் என்பதைவிடப் புல்லுக்கு நெருங்கிய உறவு. நீரையும் சத்தையும் கொண்டுசெல்லும் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அதில் ஆணி அடித்தால் அந்தத் துளை மரம் சாகும்வரை அப்படியே இருக்கும். தீபாவளிக்கு விளக்குச் சரம் கட்ட நான் பள்ளி நாளில் அடித்த ஆணிகளின் ஓட்டைகள், நேற்று அடித்தவைபோல் இன்னும் தெரிந்தன. சிமெண்ட் அடைப்பதும் இதனால்தான் வீண். தோண்டும்போது நல்ல திசுவும் போய்விடும், உள்ளே ஈரம் தங்கும், மரத்துக்குப் பலமும் கூடாது.

பயப்பட வேண்டாதவை

தண்டில் தெரியும் எல்லாக் குறியும் நோயல்ல. வெள்ளையும் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் பாசிப்படலம். அதனால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. அடிப்பகுதி வெடித்துச் சின்னச் சின்ன வேர்கள் எட்டிப் பார்ப்பதும் இயல்பே. ராயல் பாம் நடுவில் பருத்திருப்பது அதன் உருவம். ஓரிடத்தில் மட்டும் தண்டு ஒடுங்கியிருந்தால், அந்த உயரத்துக்கு வளர்ந்த காலத்தில் தண்ணீரோ சத்தோ குறைந்திருக்கும். இப்போது எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடம் பருக்காது. ஆனால் உச்சிக்குக் கீழே பென்சில் முனைபோல் மெலிந்துகொண்டே போனால், இப்போதும் சத்துக் குறைவு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பொட்டாசியம்தான். அந்த நேரத்தில் அழகுக்காகப் பச்சை மட்டைகளை வெட்டுவது பசித்தவன் தட்டைப் பிடுங்குவது மாதிரி.

கவனிக்க வேண்டியவை

தண்டிலிருந்து கருஞ்சிவப்பாகச் சாறு வழிந்தால், அதைச் சாறு வடிதல் நோய் என்பார்கள். காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழைவதால் வருவது. தொடக்கத்திலேயே கண்டால் அழுகிய பகுதியைச் செதுக்கி எடுத்துப் பூஞ்சைக்கொல்லி பூசலாம். தென்னைக்குப் போர்டோ பசை பூசுவது பழைய வழக்கம். செதுக்கிய துண்டுகளை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

தண்டில் துளைகளும், மென்று துப்பிய நாரும், புளித்த வாடையும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு திரங்கானுவில் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. காயத்தில் முட்டையிடும்; புழு உள்ளேயே தின்று வளரும். தண்டில் காது வைத்தால் புழு மெல்லும் சத்தம் சில சமயம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடிக்கத் தனிக் கருவிகளே இருக்கின்றன. உச்சி சாய்வதற்கு முன் கண்டுபிடித்தால் தேர்ந்தவர்களைக் கொண்டு மருந்து கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

கானோடெர்மா அப்படியல்ல. அது அடித்தண்டை உள்ளிருந்து தின்று, கடைசியில்தான் வெளியே காளானாகத் தலைகாட்டும். நாம் பார்க்கும்போது உள்ளே பாதிக் கதை முடிந்திருக்கும். காளானே தெரியாமல் சாயும் மரங்களும் உண்டு. விரியாத குருத்துகள் இரண்டு மூன்று ஒன்றாக நிற்பதும், அடிமட்டைகள் தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்குவதும் அதன் மற்ற அறிகுறிகள். நோய் பிடித்த மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இதற்கும் நமக்கும் நீண்ட பழக்கம். செம்பனையே மலாயாவுக்கு 1870களில் அலங்கார மரமாகத்தான் வந்தது. 1917இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிரானது. 1931லேயே இந்த அடித்தண்டு அழுகலைப் பற்றி இங்கே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1950களில் தென்னையைத் தாக்கத் தொடங்கிய 'தஞ்சாவூர் வாடல் நோய்'க்கும் கானோடெர்மா பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சைதான் காரணம். பழைய கட்டைகளிலும் வேர்களிலும் தங்கியிருந்து அடுத்த மரத்துக்குத் தாவும்; வித்துகள் காற்றிலும் பரவும். எங்கள் தாமான் இருக்கும் இடம் முன்பு செம்பனைக் காடு.

முடிவு

பள்ளி நாட்களில் எங்கள் வாசல் நிழலில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வேனுக்குக் காத்திருப்பார்கள். அதை நான் எடுத்துச் சொல்வதற்கு முன்பே அம்மா மாமாவைக் கேட்டார். "அவரு இருந்தா என்ன செஞ்சிருப்பாரு அண்ணே?"

"அவன்தான் மொத ஆளா வெட்டியிருப்பான், தங்கச்சி."

வாசல் ஓரம் நகராண்மைக் கழக நிலம் என்பதால் முதலில் அங்கே தகவல் சொல்லி அனுமதி வாங்கினோம். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை காலை, மரத்தை மேலிருந்து துண்டுதுண்டாக இறக்கினார்கள். மேல்துண்டுகள் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தன. அடித்துண்டைப் புரட்டியபோது நடுவில் என் கை நுழையும் அளவுக்குப் பழுப்பு நாராக உதிர்ந்தது. சுற்றி இரண்டு விரல் கனம்தான் கெட்டியாக இருந்தது. அந்த இரண்டு விரல் கனம்தான் அத்தனை உயரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னார்.

கட்டையையும் வேர்களையும் முடிந்தவரை தோண்டி எடுத்துவிட்டோம். அதே குழியில் இன்னொரு பனை இனத்தை நடக்கூடாது. அங்கே இப்போது கறிவேப்பிலை வளர்கிறது.

மரம் நின்ற காலத்தில் உதிர்ந்த விதைகளில் ஒன்றை அம்மா புதுமண் போட்ட தொட்டியில் முளைக்க வைத்திருந்தார். அதை இப்போது தம்பி வீட்டு வாசலில் நட்டிருக்கிறோம். தண்டில் மண் ஏறாமல் நட்டாயிற்று. புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு தண்டில் படாமலிருக்க, சுற்றிலும் மூன்றடிக்குப் புல்லே வைக்கவில்லை. தீபாவளி விளக்கு வேலி கம்பியில்தான் என்று தம்பி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.