சாப்பிட மறுக்கும் ஆக்ஸோலோட்டல்: முதலில் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள்

தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள், சிரிப்பது போன்ற வாய். மலேசியாவில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் செல்லப்பிராணிகளில் ஆக்ஸோலோட்டலும் ஒன்றாகிவிட்டது. இது மீன் அல்ல; நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை. வாங்கி வந்த சில நாள்களில் இது சாப்பிடுவதை நிறுத்திவிட்டால், பலரும் உணவை மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் உணவில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

ஆக்ஸோலோட்டலின் தாயகம் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள குளிர்ந்த இடம் அது. இதற்கு ஏற்ற நீர் வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைத் தாண்டினால் உடல் தளர்ந்து பசி குறையும். மலேசிய வீடுகளில் தொட்டி நீர் சாதாரணமாகவே 28 டிகிரியைத் தொடும். விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். ஈரப்பதம் மிகுந்த இங்கே அது மட்டும் போதாது. நீர் குளிரூட்டிக் கருவியே நிரந்தரத் தீர்வு. அவசரத்துக்கு, உறைய வைத்த தண்ணீர் போத்தலை மூடியுடன் தொட்டியில் மிதக்க விடலாம். ஆனால் வெப்பம் திடீரென ஏறி இறங்கினால் அதுவும் பிராணியை வருத்தும்.

அடுத்தது நீரின் தூய்மை. புதுத் தொட்டியில் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். குழாய் நீரை அப்படியே ஊற்றாமல், ஆன்டி குளோரின் கலந்த பிறகே மாற்ற வேண்டும்.

இவை சரியான பின் உணவுக்கு வரலாம். மண்புழுவே சிறந்தது. உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணில் எடுத்த புழுவைக் கழுவி, வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்கிக் கொடுக்கலாம். ஆக்ஸோலோட்டல் மெல்லாது, வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்கும். பார்வையும் மங்கல், வாசனையையும் அசைவையும் வைத்தே இரையை அறியும். எனவே விளக்கை அணைத்துவிட்டு, மாலைக்குப் பின் இடுக்கியால் புழுவைப் பிடித்து வாயருகே மெல்ல அசைத்தால் போதும். சில சிவப்புப் புழுக்கள் கசப்பு நீர் சுரப்பதால் துப்பிவிடும். அதைப் பசியின்மை என்று எண்ண வேண்டாம்.

குட்டிகளுக்குத் தினமும், வளர்ந்தவற்றுக்கு வாரம் இரண்டு மூன்று முறையும் உணவு போதும். மீந்ததை அன்றே அகற்ற வேண்டும். தொட்டியின் அடியில் சிறு கூழாங்கற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். உணவோடு விழுங்கிய கல் குடலை அடைத்தாலும் சாப்பிடாது.

வளர்ந்த ஆக்ஸோலோட்டல் சில நாள் பட்டினி தாங்கும்; குட்டி தாங்காது. செவுள்கள் முன்னோக்கி வளைவது, பஞ்சு போன்ற வெண்பூஞ்சை, வயிறு வீங்குவது ஆகியவை தெரிந்தால் வாயைத் திறந்து ஊட்ட முயலாமல், நீர்வாழ் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பிராணியின் விலையைக் கேட்பதற்கு முன் குளிரூட்டியின் விலையைக் கேட்பது நல்லது. நல்ல பராமரிப்பில் இது 10 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது.